சிவப்புப் பென்சில் கோடு

கம்பம் ஊரில் கரண்டு போயிருந்த ஒரு சாயங்காலம், ஒரு டி.வி.யும் ஒரு ரேடியோவும் ஓடாத நேரத்தில், பொன்னுராஜின் மேஜை மேலிருந்த பிஸ்கட் டின்னில் ஊசி மூன்று முறை எழுந்து விழுந்தது.

சத்தம் ஒன்றுமில்லை. அந்த டின்னுக்குச் சத்தம் போடத் தெரியாது. காற்றில் சிக்னல் இருந்தால் ஊசி எழும், இல்லாவிட்டால் படுத்துக் கிடக்கும், அவ்வளவுதான் அதன் படிப்பு. அதைச் செய்தவன் டி.வி., ரேடியோ ரிப்பேர் பார்க்கிற பொன்னுராஜ். பாட்டுக்கு ஆடுகிற ஊசியைப் பழைய டேப் டெக் ஒன்றிலிருந்து பிடுங்கினான். பாட்டு நின்றுபோன டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து செம்புக் கம்பி சுற்றிய காயிலை எடுத்தான். டயோடும் மற்ற சில்லறைச் சாமான்களும் இடி விழுந்த டி.வி. போர்டில் கிடைத்தன. எல்லாவற்றையும் டின்னுக்குள் வைத்துப் பற்றவைத்து, ஒரு சின்னப் பேட்டரியை மாட்டினால், சிக்னல் எந்தப் பக்கம் கூடுதல், எந்தப் பக்கம் குறைவு என்று காட்டிவிடும். மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி நின்று, "இப்பத் தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கீழே இருப்பவர்களிடம் கத்திக்கொண்டே ஆன்டெனா திருப்புகிற பிழைப்பிலிருந்து அவனுக்கு விடுதலை கொடுத்தது அந்த டின்தான்.

'காத்துதான்' என்று நினைத்துக்கொண்டான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், மாடியில் கட்டிய ஒயர் ஆடாதா? கம்பம்மெட்டு மலைப் பக்கமிருந்து இறங்கிய காற்று கடையின் ஷட்டரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அதோடு வந்த சாரல் பின்னறை ஓட்டின் மேல் அரிசி புடைப்பது மாதிரி ஒரே சீராகச் சலசலத்தது. பின்னறையில் ஈயம் உருகிய வாசனையும் நனைந்த சாக்கின் வாசனையும் கலந்து கிடந்தன. அவன் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா கிடந்தது. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று.

காற்றுக்கு எண்ணத் தெரியாது.

அவன் தோள் துண்டை எடுத்து டின்னை மூடிவிட்டு வீட்டுக்குள் போனான். கடைக்குப் பின்னால் பின்னறை, அதை ஒட்டி வீடு. அவன் மனைவி ஜெபஷீலா மெழுகுவத்தியைத் தட்டில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்பிடி வெளிறிப்போச்சு?"

"ஒண்ணுமில்ல. பசி."

"இப்பத்தான பஜ்ஜி தின்னீக?"

அவன் தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு வருஷமாகவே இந்த மனிதர் இப்படித்தான் என்று அவளுக்குப் பழகிவிட்டது.

மூன்று முறை தட்டினால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவன் பொன்னுராஜ். இன்னொருவன் கர்ணன். கர்ணன் செத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது.

கர்ணன் மெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம் இருந்த ஓர் ஏலத்தோட்டத்தில் காவலாள். ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள்; அதற்குள்ளேயே அவனுக்குப் படுக்கை. செல்போன் டவர் கம்பம் ஊருக்கு வந்துவிட்டாலும் அதன் சிக்னல் அந்த மலை மடிப்புக்குள் எட்டவில்லை. தோட்ட முதலாளி வைகுண்டராஜ் எங்கிருந்தோ தூரத்துக்குப் பேசுகிற கார்ட்லெஸ் போன் ஒன்று வாங்கி வந்தார். லைசென்ஸ் இல்லாத சாமான் என்பதால் தன் ஏலக்காய்க் கடையில் வைக்கப் பயந்து, அதன் தாய்ப்பெட்டியைப் பொன்னுராஜ் கடையில் வைத்தார். மாடியில் உயரக் கம்பி. அதிலிருந்து பெட்டிக்கு ஒரு ஒயர். கைப்போன் மேலே கர்ணனிடம். மேலேயிருந்து மணி அடித்தால் பொன்னுராஜ் எடுத்துக் கேட்டு முதலாளிக்குச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பேச்சு கரகரத்துப் போகும் என்று, பேசாமல் பொத்தானை மட்டும் தட்டுகிற ஓர் ஏற்பாட்டைக் கர்ணனே சொன்னான். ஊரே மிஸ்டு காலில் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

"ஒரு தட்டு தட்டுனா நல்லாருக்கேன்னு அர்த்தம்ணே. ரெண்டு தட்டுனா ஜீப்பு அனுப்பு. மூணு தட்டுனா..." புகையிலைக் கறை தெரியச் சிரித்தான். "மூணு தட்டுனா சாகக் கெடக்கேன், ஓடியா!"

"ஏலே, வெளையாட்டுக்கு மூணு தட்டித் தொலைச்சிராத."

"சாகக் கெடக்கவனுக்கு என்னண்ணே வெளையாட்டு?"

போன ஆடியில், ஒரு நாள் மதியத்துக்கு மேல், பொன்னுராஜ் டின்னைச் செய்து முடித்தான். புது மருமகனைக் கவனிக்கிற மாதிரி அதைத் துடைத்துத் துடைத்து வைத்தான். சோதித்துப் பார்க்க நல்ல ஆன்டெனா ஒன்று வேண்டும். இருந்ததிலேயே நல்லது கார்ட்லெஸ் பெட்டிக்குப் போயிருந்த ஒயர். பத்து நிமிஷம்தானே என்று அதைப் பிடுங்கி டின்னில் மாட்டினான். ஒயர் இல்லாத பெட்டி செவிடு. அது அவனுக்குத் தெரியும்.

மாட்டிய உடனே ஊசி எழுந்தது. அவனுக்கு வந்த சந்தோஷத்தில் தொடையைத் தட்டிக்கொண்டான். ஒன்று, இரண்டு, மூன்று. விட்டு விட்டு, ஒன்று, இரண்டு, மூன்று. கர்ணன்தான் மேலே பொத்தானை அமுக்குகிறான் என்று தெரிந்தது. மூன்று என்பதும் தெரிந்தது. அதை மட்டும் பிற்பாடு அவன் யாரிடமும், கர்த்தரிடம்கூடச் சொல்லவில்லை. பயலுக்குப் புகையிலை தீர்ந்திருக்கும், அதுக்குத்தான் இந்த ஆட்டம், இந்த ஒரு வேலையை முடித்துவிட்டுக் கேட்போம் என்று நினைத்தான். பல் தேய்க்கிற பிரஷ்ஷின் காம்பைத் தேய்த்துச் செய்த பிளாஸ்டிக் திருப்புளியால் காயிலின் நடுவிலிருந்த கோர் என்கிற திருகாணியைக் கால் சுற்று திருப்பினான். அடுத்த தட்டுக்கு ஊசி இன்னும் உயர எழுந்தது. இன்னொரு கால் சுற்று. இன்னும் உயரம். சோதித்துப் பார்க்க இதைவிட வாட்டமான சிக்னல் எங்கே கிடைக்கும்? ஊசி எட்டிய உச்சத்தில், காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டான். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் ஊசி எழுவது நின்றுவிட்டது. அப்புறம்தான் ஒயரைக் கழற்றித் திரும்பப் பெட்டியில் மாட்டினான்.

இருட்டுகிற நேரத்தில் ஜீப் டிரைவர் ஒருவன் நனைந்துகொண்டே ஓடி வந்தான். "மேல உருள் பொட்டிருச்சுண்ணே," என்று மலையாளத்துக்காரர்கள் சொல்கிற மாதிரியே சொன்னான். மலை உடைந்து மண்ணும் பாறையும் உருண்டு வருவதற்கு அங்கே அதுதான் பேர். முதலில் வந்த மண் ஸ்டோர் கதவை மட்டும் அடைத்திருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து வந்ததுதான் ஸ்டோரையே மூடியது. கம்பத்திலிருந்து அங்கே ஜீப்பில் போக அரை மணி நேரம். மூன்றாம் நாள் தோண்டி எடுத்தபோது கர்ணன் கதவுக்குப் பின்னால் நின்ற வாக்கில் இருந்தானாம்.

அவன் மனைவி மொக்கம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் பொன்னுராஜைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவுக ஒங்களக் கூப்பிடலையாண்ணே?"

"கூப்பிடல," என்றான்.

ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை ஊர் எடுத்துக்கொண்டது. கையில் போன் இருந்தும் கூப்பிடாமல் கிடந்தான் என்றால் குடித்துவிட்டுத்தான் கிடந்திருப்பான் என்று டீக்கடையில் தீர்ப்பாயிற்று. சாகும்போதுகூடப் பெண்டாட்டி பிள்ளையை நினைக்காதவன் என்று பேசினார்கள். கர்ணன் வாழ்நாளில் புகையிலையைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. பொன்னுராஜ் ஒரு வாய் திறந்திருந்தால் அந்தப் பேச்சு அன்றைக்கே நின்றிருக்கும். அவன் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, பொய் வளர்ந்து ஆளாகிவிட்டது.

இப்போது ஊசி எண்ணுகிறது.

இரண்டாம் நாள் சாயங்காலமும் எழுந்தது. அவன் ஒயரைப் பிடுங்கினான். ஊசி மூன்று முறை எழுந்தது. டின்னைத் திறந்து பேட்டரியை எடுத்து மேஜையில் வைத்தான். ஊசி மூன்று முறை எழுந்தது. பேட்டரி இல்லாமல் அது அசைய வழியே இல்லை. இருபது வருஷமாக அதே வேலை பார்ப்பவனுக்கு அதுகூடத் தெரியாதா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நெஞ்சு குறுகுறுத்தால் பரவாயில்லை, அவன் எதிரில் இருந்த ஊசியல்லவா குறுகுறுத்தது.

மூன்றாம் நாள் டின்னைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினான். இழுத்தால் நீள்கிற கம்பி ஒன்றை அதில் மாட்டி ஒவ்வொரு திசையாகத் திருப்பினான். கிழக்கே ஒன்றுமில்லை. தெற்கே ஒன்றுமில்லை. மேற்கே, மேகம் இறங்கி மலையைப் பாதி தின்றிருந்த பக்கம், திருப்பியபோது ஊசி எழுந்தது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது. அங்கே, அந்த மடிப்பில், புது ஸ்டோர் கட்டுவதற்கு மண் அள்ளிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். நனைந்த சட்டை முதுகில் ஒட்ட, பல் கிட்டிப் போக, கீழே இறங்கினான்.

ஐந்தாம் நாள் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஏழாம் நாள் கோட்டைத் தாண்டியது. கம்பியை மலைப்பக்கம் திருப்பினால் ஊசி தாழ்ந்தது. மெட்டு ரோடு ஊருக்குள் வந்து சேர்கிற பக்கம் திருப்பினால் எழுந்தது. சிக்னல் கூடினால் தூரம் குறைகிறது என்று அர்த்தம். அவனே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

அன்றைக்கு ராத்திரி சோற்றில் கை வைத்துக்கொண்டு, "ஷீலா, ஒருத்தர் மனசறிஞ்சு..." என்று ஆரம்பித்தான்.

"என்னது?"

"ரசத்துல உப்பில்ல," என்று முடித்துவிட்டான்.

எட்டாம் நாள் வியாழக்கிழமை. சாரல் விடாமல் பெய்தது. ஜெபஷீலா குடையை எடுத்துக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்குப் போன கொஞ்ச நேரத்தில் கரண்டு போனது. கடை வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம். மஞ்சள் பையைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டு மொக்கம்மாள் நின்றாள். ஒரு வருஷத்தில் பாதியாகியிருந்தாள்.

"உள்ள வா தாயி," என்றான். பின்னறையில் முக்காலியை அவளுக்கு நகர்த்திப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"நாளைக்கு அவுகளுக்கு வருசம் திரும்புதுண்ணே. மதினியும் நீங்களும் வந்து ஒருவாய் சாப்பிட்டுப் போகணும்."

"வர்றோம்."

"இன்னொரு சங்கதி." பையிலிருந்து பழந்துணியில் சுற்றிய எதையோ எடுத்து மேஜையில் வைத்துப் பிரித்தாள். கைப்போன். துவாரங்களிலெல்லாம் செம்மண் ஏறிக் காய்ந்திருந்தது. பொத்தான்கள் தேய்ந்திருந்தன, அழைக்கிற பொத்தான் மட்டும் உள்ளே அமுங்கிப் போய் எழாமல் கிடந்தது. "போன வாரம் மண்ணு அள்ளையில கெடச்சுச்சாம். முதலாளி நேத்து ஜீப்புல குடுத்துவிட்டாக. செல்போன்ல யாரக் கூப்பிட்டோம்னு உள்ள இருக்குமாமே, அந்த மாதிரி இதுல இருக்குமாண்ணே? அவுக கூப்பிட்டாகளா இல்லையானு பாத்துச் சொல்லுங்க. எம்மகள, குடிகாரன் மகள்னு பள்ளிக்கூடத்துல பேசுதாக."

அந்தப் போனில் அப்படியெல்லாம் ஒன்றும் பதியாது. ஆனால் பதில் அந்த அறையில்தான் இருந்தது. துண்டுக்குக் கீழே, டின்னில், சிவப்புப் பென்சிலில். 'கூப்பிட்டான் தாயி, முக்கால் மணி நேரம் கூப்பிட்டான், நான் ஊசியைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லம்மா," என்றான் பொன்னுராஜ். "கூப்பிட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"சரிண்ணே. அப்ப இது எனக்கெதுக்கு, நீங்களே வச்சுக்கங்க," என்று வெறும் பையை மடித்துக்கொண்டு போய்விட்டாள். செருப்புச் சத்தம் சாரலுக்குள் கரைந்தது. காற்று வந்து பின்னறைக் கதவைச் சாத்தியது.

அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஒரு தடவை பயத்தில் சொன்னான், சரி. இரண்டாம் தடவை எதற்குச் சொன்னான்?

அப்போதுதான் வாசனை வந்தது. கம்பத்தில் ஏலக்காய் வாசனை ஒன்றும் அதிசயமில்லை; கடைத்தெருவே அதில்தான் மணக்கும். இது அந்த வாசனையில்லை. விறகுப் புகையேறிய, சூட்டில் பாதி உலர்ந்த காயின் நெடி. அதற்கடியில் வெளிச்சமே படாத ஆழத்து மண்ணின் குளிர்ந்த நெடி. ஸ்டோருக்குள் அடிக்கிற வாசனை. அவன் மெதுவாகத் துண்டை எடுத்தான்.

ஊசி எழுந்து நின்றது. சிவப்புக் கோட்டைத் தாண்டி, எண்களைத் தாண்டி, வலது ஓரத்து முளையில் முட்டி வளைந்து நின்றது. விழவில்லை. யாரோ பொத்தானை அமுக்கிய விரலை எடுக்காமல் இருக்கிறார்கள்.

சொல்லிவிட வேண்டும். ஓடிப்போய், அவள் தெருமுனை தாண்டுவதற்குள், காலில் விழுந்து சொல்லிவிட வேண்டும். கதவைத் தள்ளினான்.

கதவு அசையவில்லை.

வீட்டுப் பக்கத்துக் கதவும் அசையாமல் போக, மறுபடி கடைப் பக்கத்துக் கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். காற்று இவ்வளவு கனக்காது. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று முழுசாகச் சாய்ந்திருந்தது. கதவிடுக்கில் கீழே ஈரம் தெரிந்தது. குனிந்து தொட்டான். சேறு. கொழகொழவென்று, மெல்ல, அவன் விரலைச் சுற்றி உள்ளே வந்தது.

"மொக்கம்மா!" என்று கத்தினான். சத்தம் ஓடு வரைகூடப் போகவில்லை. "ஷீலா!" கதவை அறைந்தான். அறைந்த சத்தம் சாக்கில் குத்துவது மாதிரி உள்ளேயே அமுங்கியது. சாரல் சத்தம் நின்றிருந்தது. காற்றும் இல்லை. ஷட்டர் ஆடவில்லை. எதுவுமே கேட்கவில்லை.

கணுக்கால் வரை குளிர்ந்தது.

முழங்கால் வரை.

கதவின் உள்பக்கத்தில் அவன் கை பட்ட இடமெல்லாம் மரம் சிராய்ந்திருந்தது. புதுக் கீறல்களா, பழசா. அவன் நகக்கண்ணில் எரிந்தது.

வலது கையில் ஏதோ கனத்தது. பார்த்தான். கைப்போன். எப்போது எடுத்தான்? எடுக்கவில்லை. அமுங்கிக் கிடந்த பொத்தான் எழுந்து, அவன் கட்டைவிரலுக்கடியில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

அந்த வெளிச்சத்தில் மேஜை தெரிந்தது.

அவனுடைய முக்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு. டின்னின் மேல் குனிந்து. தலையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து தரைக்கும் மண் சொட்டிக்கொண்டிருந்தது.

"கர்ணா. கூப்பிட்டடா. நீ கூப்பிட்ட. நான் சொல்லிர்றேன், இப்பவே போய்ச் சொல்லிர்றேன்."

உதடுதான் அசைந்தது. வாய் நிறைய மண்.

இடுப்பு வரை.

கட்டைவிரல் தானாக அமுக்கியது. ஒன்று. இரண்டு. மூன்று.

மேஜை மேல் ஊசி எழுந்து விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

முக்காலியில் இருந்தது திரும்பிப் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் தொடையைத் தட்டிக்கொண்டது. காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, பழைய கோட்டுக்குப் பக்கத்தில் நிதானமாக ஒரு கோடு போட்டது. பிறகு பிரஷ் காம்புத் திருப்புளியைக் கையிலெடுத்து, காயிலின் திருகாணியைக் கால் சுற்று திருப்பிவிட்டு, ஊசி இன்னும் கொஞ்சம் ஏறுகிறதா என்று பார்க்க, தலையைச் சாய்த்து அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தது.